ஒரு பவுண்டு தானியத்திலிருந்து ராத்திரி ஷிஃப்ட் வரை: சேலம், நாமக்கல் சமவெளியில் உழைக்கிற உடம்பின் கணக்கு

தசை, தூக்கம், உள்ளழற்சி, சர்க்கரை பற்றி வருகிற புது ஆராய்ச்சிகளைப் படிக்கும்போது, இதெல்லாம் ஏதோ ஜிம்முக்குப் போகிறவர்களின் விஷயம் என்ற எண்ணம் வந்துவிடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. "உழைக்கிற ஒரு உடம்புக்கு எவ்வளவு வேணும்?" என்ற கேள்வி நம்ம பக்கத்தில் ஏறக்குறைய 150 வருஷமாகக் கேட்கப்பட்டு வருகிறது. முதல் தடவை கேட்டபோது அதற்கு லட்சக்கணக்கான பேர் உயிரை விலையாகக் கொடுத்தார்கள். அதனால் இந்தக் குறிப்பைப் பஞ்சத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1. டெம்பிள் கூலி

1876-ல் மழை பொய்த்தது. சென்னை மாகாணத்தில் மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. அன்றைய சேலம் மாவட்டம் இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரியை எல்லாம் உள்ளடக்கியது. 1871 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள்தொகை 19½ லட்சத்துக்கு மேல். 1881-ல் ஏறக்குறைய 16 லட்சம். பத்து வருஷத்தில் கூட வேண்டிய எண்ணிக்கை மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைந்திருக்கு. செத்தவர்கள், பிழைப்பு தேடிப் போனவர்கள், பிறக்காமலே போன குழந்தைகள் எல்லாம் அந்த வித்தியாசத்துக்குள் அடக்கம்.

1877 ஆரம்பத்தில் வைஸ்ராய் லிட்டன் அனுப்பி சர் ரிச்சர்ட் டெம்பிள் சென்னை மாகாணத்துக்கு வந்தார். செலவைக் குறைக்க வேண்டும் என்பது அவருக்குக் கொடுத்த வேலை. நிவாரண வேலையில் ரோடு போட்டு, ஏரி தூர்வாரி, மண் சுமக்கிற ஒரு ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் மேலே கொஞ்சம் காசும் என்ற அளவுக்குக் கூலி போதும் என்று முடிவு பண்ணினார். இதற்கு "டெம்பிள் கூலி" என்றே பெயர் நிலைத்துவிட்டது.

ஒரு பவுண்டு என்பது 454 கிராம். இன்றைய அட்டவணையை வைத்துக் கணக்குப் போட்டால், அரிசியாக இருந்தால் சுமார் 1,600 கலோரி, 30 கிராமைக் கொஞ்சம் தாண்டுகிற புரதம். 50 கிலோ ஆள் ஒருவன் நாள் முழுக்க அசையாமல் படுத்துக் கிடந்தாலே மூச்சுவிட, ரத்தம் ஓட, உடம்புச் சூட்டைக் காக்க 1,300 கலோரிக்கு மேல் செலவாகும். மிச்சம் இருக்கிற முந்நூறில் அவன் மண் வெட்டணும், கூடை சுமக்கணும், வேலைத்தளத்துக்கு நடந்து போய் வரணும். கடும் உழைப்பு செய்கிற ஆணுக்கு ஐ.சி.எம்.ஆர். 2020-ல் சொல்லியிருக்கிற அளவு 3,400 கலோரியைத் தாண்டும். அது 65 கிலோ ஆளுக்கான கணக்குதான். எடை குறைந்த ஆளுக்குக் கழித்துக் கொண்டாலும் இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பள்ளம் பெரியது.

அந்தப் பள்ளத்தை உடம்பு எதை வைத்து நிரப்பும்? முதலில் கொழுப்பு. பஞ்சத்தில் அடிபட்டவனிடம் அது ஏற்கனவே தீர்ந்திருக்கும். அடுத்தது தசை. அதாவது மண் வெட்டுகிற கையே தன்னைத் தின்று மண் வெட்டுகிறது.

இதை அன்றைக்கே எடுத்துச் சொன்ன ஒரு டாக்டர் இருந்தார். டபிள்யூ. ஆர். கார்னிஷ், சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர். 1871 மக்கள்தொகை அறிக்கையை எழுதியவரும் இவர்தான். சிறைக் கைதிகளின் உணவு, சாவு இரண்டையும் வருஷக்கணக்கில் பார்த்து வந்தவர். சும்மா இருக்கிறவன் உயிரோடு இருக்கப் போதுமான அளவை வேலை செய்கிறவனுக்குக் கூலியாகக் கொடுக்கக் கூடாது, தானியத்தோடு பருப்பும் சேரணும் என்று டெம்பிளை எதிர்த்து எழுதினார். கொஞ்ச மாதம் இழுத்தடித்து, அந்த வருஷ நடுவிலேயே சென்னை அரசு கூலியை உயர்த்தியது. அதற்குள் போனவர்கள் போய்விட்டார்கள்.

2. தப்பான காரணம், சரியான முடிவு

இதில் அறிவியல் வரலாறு படிக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு சங்கதி இருக்கு. கார்னிஷ் காலத்து டாக்டர்கள் பலருக்குத் தெரிந்தது ஜெர்மன் ரசாயனி லீபிக்கின் கருத்து: தசை வேலை செய்யும்போது தசையின் புரதமே எரிகிறது, அதனால் உழைப்பாளிக்குப் புரதம் வேணும். 1865-ல் ஃபிக், விஸ்லிசேனுஸ் என்ற இரண்டு பேர் சுவிட்சர்லாந்தில் ஃபவுல்ஹார்ன் மலை ஏறி இதைச் சோதித்துப் பார்த்தார்கள். புரதம் இல்லாத சாப்பாட்டைச் சாப்பிட்டு ஏறி, சிறுநீரில் போன நைட்ரஜனை அளந்தார்கள். எரிந்த புரதம் அந்த ஏற்றத்துக்குப் போதவே போதாது. தசையின் விறகு பெரும்பாலும் மாவுச்சத்தும் கொழுப்பும்தான் என்று தெரிந்தது.

அப்படியானால் புரதம் எதற்கு? எரிக்க அல்ல, பழுது பார்க்க. தசை ஒரு கட்டிடம் மாதிரி நிற்கிற பொருள் கிடையாது. தினமும் ஒரு பக்கம் இடிந்து இன்னொரு பக்கம் கட்டப்படுகிறது. கட்டுவது குறைந்தால் ஆள் இளைப்பான். பருப்பு கேட்ட டாக்டர்களின் காரணம் பாதி தப்பு, முடிவு சரி.

3. குன்னூர் எலிகள்

அடுத்த கட்டம் நீலகிரியில். முதல் உலகப் போர் முடிகிற சமயத்தில் ராபர்ட் மெக்கரிசன் குன்னூரில் பெரிபெரி நோயை ஆராய ஆரம்பித்தார். அந்தச் சிறிய வேலைதான் பிறகு ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத் போய், 1969-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. மெக்கரிசனின் பேர்பெற்ற சோதனை சுலபமானது. எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் சாப்பிடுகிற சாப்பாட்டைப் போட்டார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி என்று சீக்கியர் சாப்பாடு சாப்பிட்ட எலிகள் நன்றாக வளர்ந்தன. கடைசியில் நின்றவை "மதராசி" சாப்பாடு சாப்பிட்டவை.

ஆனால் எலிக்குப் போட்ட அந்த "மதராசி" சாப்பாட்டுக்கு அடிப்படை அரிசி. சேலம், நாமக்கல் மேட்டுக்காட்டில் அன்றைக்கு அரிசிச் சோறு என்பது நோன்பு நொடிக்கும் விருந்துக்கும்தான். அன்றாடம் கம்மங்கூழ், ராகிக்களி, சோளச்சோறு, கூட கொள்ளு, தட்டைப்பயறு, அவரை. எனவே எலி சொன்ன பாடம் இந்த ஊருக்கு அன்றைக்கு முழுசாகப் பொருந்தவில்லை. பிற்பாடுதான் பொருந்தியது. மேட்டூர் அணை 1934-ல் முடிந்தது, 1937-ல் அங்கே மின்சாரம் வந்தது. பம்ப்செட் வந்து, கவலை இறைப்பது மறைந்தது. ரேஷனில் அரிசி வந்து, கம்பும் ராகியும் ஒதுங்கின. உழைப்பு குறைகிற அதே தலைமுறையில் தட்டும் வெள்ளையாகிவிட்டது.

பழசைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. களி தின்றவர்கள் பசியும் பட்டவர்கள். கவலை ஓட்டிய தோள் வலுவாக இருந்தது உண்மை, அது சீக்கிரம் தேய்ந்ததும் உண்மை. நான் சொல்ல வருவது ஒன்றே: உடம்பின் கணக்கில் வரவும் மாறியது, செலவும் மாறியது, ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள் ரொம்பக் குறைவு.

4. ஜவ்வரிசி ஊரில் முட்டை

இந்தச் சமவெளியிலிருந்து வெளியூர் போகிற இரண்டு சாப்பாட்டுப் பொருளைப் பாருங்க. ஒன்று ஜவ்வரிசி. இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த சரக்கு நின்றதும், சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்ய ஆரம்பித்தார்கள். 1981-ல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் வந்தது. வடக்கே விரத நாட்களில் சாப்பிடுகிற ஜவ்வரிசிக் கிச்சடிக்கு இங்கிருந்துதான் பெரும்பங்கு போகிறது. அது சுத்தமான மாவுச்சத்து, புரதம் பேருக்குக்கூடக் கிடையாது.

இன்னொன்று முட்டை. மழை குறைந்த, காற்றில் ஈரம் கம்மியான நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிக்குத் தோதாக அமைந்தது. வானம் பார்த்த பூமியை நம்ப முடியாத விவசாயிகளும், லாரியில் காசு பார்த்தவர்களும் பண்ணை போட்டார்கள். 1982-ல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு வந்து விலையை அறிவிக்க ஆரம்பித்தது. 1985-ல் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது. இன்று தினமும் கோடிக்கணக்கில் முட்டை.

அதே 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை ஆரம்பித்தார். 1989-ல் கருணாநிதி ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. அப்புறம் வாரம் ஒன்று, 2006-ல் இரண்டு, 2007-ல் மூன்று, 2010-ல் பள்ளி நாள் ஐந்திலும் முட்டை. 1877-ல் கார்னிஷ் கேட்ட "தானியத்தோடு புரதமும்" என்பதை ஒரு தமிழ்நாட்டு அரசு குழந்தைகளுக்குக் கொடுத்து முடிக்க 133 வருஷம் ஆகியிருக்கு.

நடுவில் அறிவியல் ஒரு தடவை திசை மாறியது. 1974-ல் டொனால்ட் மெக்லாரன் லான்செட் இதழில் "மாபெரும் புரதக் குளறுபடி" என்ற பொருளில் ஒரு கட்டுரை எழுதினார். ஏழைக் குழந்தைகளுக்குக் குறைவது மொத்தச் சாப்பாடுதான், புரதத்தை மட்டும் பெரிதுபடுத்தாதீர்கள் என்பது வாதம். இந்தியாவில் கோபாலன், சுகாத்மே போன்றவர்களும் கிட்டத்தட்ட அந்தப் பக்கம்தான். பசித்தவனுக்கு முதலில் வயிறு நிறையணும் என்பது நியாயம்.

ஆனால் தரம் என்ற கேள்வி போகவில்லை. தானியப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் அனுரா குர்பத் குழுவினர் இந்தியர்களை வைத்தே ஐசோடோப் முறையில் அளந்து பார்த்தார்கள். பெரியவர்களுக்கான லைசின் தேவையை 1985-ல் உலக சுகாதார நிறுவனம் கிலோவுக்கு 12 மில்லிகிராம் என்று வைத்திருந்தது. 2007 அறிக்கையில் அது 30 ஆனது. அரிசியை மட்டும் நம்பி இருக்கிற தட்டுக்கு இது பெரிய சேதி. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம்தான். ஆனால் அரிசியில் குறைவதை அது நிரப்புகிறது. பருப்பும் தயிரும் அதையே செய்யும்.

5. இளைத்த உடம்பில் சர்க்கரை

1989-ல் இர்வின் ரோசன்பர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர், வயதானால் தசை கரைவதற்கு "சார்கோபீனியா" என்று பெயர் வைத்தார். பெயர் வந்த பிறகுதான் டாக்டர்கள் அதை அளக்க ஆரம்பித்தார்கள். 2000-ல் இத்தாலியில் ஃபிரான்செஸ்கி, வயது ஏற ஏற உடம்பில் மெதுவாகப் புகைந்துகொண்டே இருக்கிற அழற்சியைப் பற்றி எழுதினார். அதே சமயத்தில் டென்மார்க்கில் பென்டே பெடர்சன் குழு, சுருங்கி விரிகிற தசையே இன்டர்லூக்கின்-6 என்ற பொருளை ரத்தத்தில் விடுகிறது என்று காட்டியது. இதே பொருளை அழற்சியின் அடையாளம் என்றுதான் அதுவரை பார்த்தார்கள். வேலை செய்கிற தசை கொஞ்ச நேரம் விடும்போது அது அழற்சியை அடக்குகிற பக்கம் நிற்கிறது. வயிற்றுக் கொழுப்பிலிருந்து நாள் முழுக்கக் கசியும்போது கெடுதல் பண்ணுகிறது. தசை என்பது தூக்குகிற கயிறு மட்டும் அல்ல, ஒரு சுரப்பியும்கூட. சாப்பாட்டுக்குப் பிறகு ரத்தத்தில் ஏறுகிற சர்க்கரையில் பெரும்பகுதியை வாங்கி வைத்துக்கொள்கிற கிடங்கும் அதுதான்.

இந்தியர்களுக்கு இதில் தனிப் பாடம் இருக்கு. 2004-ல் லான்செட் இதழில் புனேயின் யாஜ்னிக், லண்டனின் யுட்கின் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்ற போட்டோ ஒன்று வந்தது. இரண்டு பேருக்கும் உடல் எடைக் குறியீடு 22.3. யாஜ்னிக்கின் உடம்பில் கொழுப்பு 21.2 சதவீதம், யுட்கினுக்கு 9.1. வெளியில் ஒல்லி, உள்ளே கொழுப்பு. "அவர் ஒல்லியாத்தானே இருக்கார், அவருக்கு எப்படி சுகர்?" என்று நம்ம ஊரில் கேட்கிற கேள்விக்குப் பதில் இதில் இருக்கு: கிடங்கு சிறிசு. இந்தியாவில் 10 கோடிக்கு மேல் சர்க்கரை நோயாளிகள் என்று 2023-ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது.

6. இப்போது குறைவது தூக்கம்

சரி, தானியம் வந்தது, முட்டையும் வந்தது. இன்னும் என்ன குறை? ராத்திரி பத்து மணிக்கு மேல் இந்த வட்டாரத்தைச் சுற்றினால் தெரியும். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் தறிப்பட்டறையில் 12 மணி நேர ஷிஃப்ட் சகஜம், பகல் ஒரு செட், ராத்திரி ஒரு செட். முட்டை லாரி கேரளாவுக்கு ராத்திரியில்தான் ஏறும். நாமக்கல் கேஸ் டேங்கர், சங்ககிரி லாரி, திருச்செங்கோடு ரிக்கு வண்டி, எல்லாமே ராத்திரியை நம்பி ஓடுகிற தொழில். முன்னே கூட ஒரு கிளீனர் இருப்பார், பேச்சுத் துணைக்காவது ஆகும். இப்போ பல வண்டியில் டிரைவர் ஒருத்தர்தான்.

ராத்திரி முழிப்பு என்ன செய்யும்? 1999-ல் சிகாகோவில் ஈவ் வான் கௌட்டர் குழு 11 ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு ராத்திரி நாலு மணி நேரம் மட்டும் படுக்க விட்டது. அவர்கள் ரத்தம் சர்க்கரையை வெளியேற்றுகிற வேகம் சுமார் 40 சதவீதம் குறைந்தது. 2010-ல் அதே ஊரில் எடை குறைக்கச் சாப்பாட்டைக் குறைத்த 10 பேரைப் பார்த்தார்கள். இரண்டு வாரம் 8½ மணி நேரம் படுத்தபோதும், 5½ மணி நேரம் படுத்தபோதும் எடை ஒரே அளவுதான் குறைந்தது. ஆனால் நன்றாகத் தூங்கியபோது போன கொழுப்பு 1.4 கிலோ, தூக்கம் குறைந்தபோது வெறும் 0.6. மிச்சம் கரைந்தது பெரும்பாலும் தசைப் பக்கம். 2021-ல் ஆஸ்திரேலியாவில் 13 பேரை ஒரே ஒரு ராத்திரி முழுக்க முழித்திருக்கச் செய்தபோது, தசை புரதம் கட்டுகிற வேகம் 18 சதவீதம் குறைந்தது.

இந்த மூன்றும் சின்னச் சின்னச் சோதனைகள், ஆளும் கம்மி. இருந்தாலும் எல்லாம் ஒரே பக்கம் கை காட்டுகின்றன. தூங்காத உடம்புக்கு முட்டை கொடுத்தாலும் கொத்தனார் பாதி நேரம் லீவு.

நேரமும் ஒரு விஷயம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரன் 1970-களில் இருந்தே உடல் கடிகாரம் பற்றி ஆராய்ந்தார். அவர் குழு குகை வௌவால்களை வைத்துச் செய்த வேலை உலக அளவில் பேசப்பட்டது. வெளிச்சமே நுழையாத இருட்டில் அடைத்து வைத்த வௌவால்கள்கூட, குகைக்குள் சுதந்திரமாகப் போய் வருகிற மற்ற வௌவால்களின் நடமாட்டத்தை வைத்துத் தங்கள் நேரத்தைச் சரி பண்ணிக்கொண்டன. ஒரு ஜீவன் தன் கூட்டத்தோடு சேர்ந்துதான் நேரம் பார்க்கிறது. பகலில் தூங்க வேண்டிய தறிக்காரரின் வீட்டில் குழந்தைகள் பள்ளிக்குக் கிளம்புகிற சத்தமும், பக்கத்துப் பட்டறைத் தறியின் சத்தமும் இருந்தால் அவர் கடிகாரம் எந்தக் கூட்டத்தோடு சேரும்?

பாஸ்டனில் 2021-ல் வந்த ஒரு சோதனை இதற்கு ஒரு சின்ன வழி காட்டுகிறது. ராத்திரி ஷிஃப்ட் மாதிரி முழித்திருந்தாலும், சாப்பாட்டைப் பகலோடு நிறுத்திக்கொண்டவர்களுக்குச் சர்க்கரை கெடவில்லை. ராத்திரியும் சாப்பிட்டவர்களுக்குக் கெட்டது. ராத்திரி இரண்டு மணிப் பரோட்டாவுக்கும் மாலை ஆறு மணிப் பரோட்டாவுக்கும் உடம்பு ஒரே கணக்கு வைத்திருக்கவில்லை.

7. சென்னையில் ஒரு குட்டித் தூக்கம்

"அப்போ எல்லாரும் எட்டு மணி நேரம் தூங்குங்க" என்று சொல்லி முடித்துவிடலாமா? சென்னையில் நடந்து 2021-ல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வு அதை யோசிக்க வைக்கிறது. குறைந்த வருமானம் உள்ள 452 பேர். ராத்திரி எட்டு மணி நேரம் படுக்கையில் இருந்தாலும் கருவி வைத்து அளந்தால் உண்மையில் தூங்கியது ஐந்தரை மணி நேரம்தான். சூடு, கொசு, சத்தம். கண்மூடி, காதடைப்பான், மெத்தை எல்லாம் கொடுத்து ராத்திரித் தூக்கத்தை 27 நிமிஷம் கூட்டினார்கள். வேலையிலோ மனநிலையிலோ கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் எதுவும் வரவில்லை. ஆனால் வேலையிடத்தில் மதியம் அமைதியான இடத்தில் கொஞ்ச நேரம் தூங்க விட்டபோது வேலையும் கவனமும் மனசும் தேறின. கெட்ட தூக்கத்தையே இன்னும் கொஞ்சம் நீட்டுவதைவிட, நல்ல தூக்கம் கொஞ்சம் கிடைப்பது மேல் என்று இதை நான் புரிந்துகொள்கிறேன்.

சட்டம் இதை முழுசாக மறக்கவில்லை. 1961 மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்கு ஒரு தடவை குறைந்தது அரை மணி ஓய்வு என்று எழுதி வைத்திருந்தது. நீண்ட தூர ஓட்டத்துக்குக் கொஞ்சம் தளர்வு இருந்தது. ஆனால் வாடகை டிரிப் கணக்கில், சம்பளமும் டிரிப் கணக்கில் இருக்கும்போது அந்த அரை மணியை யார் எடுப்பார்?

இங்கேதான் 1877 திரும்ப ஞாபகம் வருது. டெம்பிள் செய்தது, ஓய்வில் இருக்கிற உடம்பின் தேவையை உழைக்கிற உடம்பின் கூலியாக்கியது. இன்று ராத்திரி ஷிஃப்டுக்குக் கூலி போடும்போதும் பகல் உடம்பின் கணக்கையே எடுத்துப் போடுகிறோம். ராத்திரி உடம்புக்கு ஆகிற கூடுதல் செலவு கூலிச் சீட்டில் கிடையாது. அது இருபது வருஷம் கழித்து மாத்திரைச் சீட்டில் வருகிறது.

வீட்டளவில் செய்ய முடிந்தவை சில. கை வைக்காத நாற்காலியில் அப்பா, அம்மாவை உட்கார வைத்து, கைகளைக் கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொல்லுங்க. விழாமல் பிடிக்கப் பக்கத்தில் நில்லுங்க. 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால், ஆசிய சார்கோபீனியா குழுவின் 2019 அளவுப்படி தசையைக் கவனிக்க வேண்டிய நேரம் வந்தாச்சு. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் புரதத்தைக் கூட்டும் முன் டாக்டரைக் கேட்கணும். ராத்திரி வேலைக்காரர் வீட்டில் பகலில் ஒரு இருட்டு அறையும், அவர் தூங்குகிற நேரத்தில் மிக்ஸி போடாத ஒரு ஒப்பந்தமும் மருந்துக்குச் சமம்.

பட்டறைக்காரர்களும் லாரி முதலாளிகளும் செய்ய முடிந்தது இன்னும் சுலபம்: படுக்க ஒரு இடம், எழுப்பாத முக்கால் மணி நேரம், அதற்குக் கூலி பிடிக்காத மனசு. கார்னிஷ் கேட்டதும் பெரிசாக ஒன்றும் இல்லை. இன்னும் அரைப் பவுண்டு தானியம், கொஞ்சம் பருப்பு.